அறவாழி-2

பட்டிமன்றப் பேச்சாளர் அறவாழிக்குப் பதினோரு வருடமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. ஒரே பெயருள்ள பிரபலங்களுக்குப் புகழின்படி எண் கொடுக்கும் சட்டம் வந்த நாளிலிருந்து அவர் அறவாழி-2. மகள் கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது. அறவாழி-1 ஓர் இதய அறுவை மருத்துவர்.

இப்போது இவருடைய இதயத்திலேயே கோளாறு. நான்கு மருத்துவமனைகள் கைவிரித்த பிறகு, மனைவி மரகதம் அந்த டாக்டரிடமே அழைத்து வந்துவிட்டாள்.

"அவன் கையால நான் பொழச்சா, அவன் பேருதான் இன்னும் ஏறும்!" என்று ஒப்புதல் படிவத்தைத் தள்ளிவிட்டார்.

"ஒரு நம்பருக்காக உசுர விடுவீங்களா?" என்று மரகதம் அழுதாள்.

அவர் நர்ஸின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் டேபிள்லயே போயிட்டா அவன் நம்பர் இறங்குமா?"

"இறங்கும் சார். அடுத்து இருக்குறவருக்கு ஒண்ணாம் நம்பர் போயிடும்."

"அடுத்தது நான்தானே? செத்தவனுக்குக் குடுப்பாங்களா?"

"பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் உங்க பேர லிஸ்ட்ல இருந்து எடுக்க மாட்டாங்க சார்."

அறவாழி பேனாவை வாங்கி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பெயருக்குப் பின்னால் எண் எழுத வேண்டிய கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்.