பச்சை மைத் திருத்தம்

ஸ்ரீ சிட்டியிலுள்ள ஒரு தொழிற்சாலையின் ஆய்வறையில், காலை வெயில் கரைப்பான் குவளைக்குள் புகுந்து மேசைமேல் நடுங்குகிறது. கன்னிகா பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கரைப்பானின் மின்காப்பு மாறிலி இருபதைத் தாண்டக்கூடாது. தண்ணீர் கலந்திருந்தால் ஏறிவிடும். நேற்று அவள் அளந்து, 26 என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இன்று அந்த 6-ன் மேல்வளைவைக் கீழே இழுத்துச் சுழியாக்கி, 20 ஆக மாற்றியிருக்கிறது பச்சை மை. நான்கு வருடமாக அவளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே டப்பாவில் சாப்பிடும் சிவசங்கரியின் பேனா. “நீயாடி மாத்துன?” சிவசங்கரி திரும்பாமல் குடுவையைக் கழுவுகிறாள். “மேனேஜர் சொன்னாரு. என் வேலை போவட்டும்ன்றியா?” “கீழ என் கையெழுத்து கீதே, சங்கரி?” சிவசங்கரி அடுத்த குடுவையை எடுத்துக் குழாயடியில் பிடிக்கிறாள். கன்னிகா திருத்தத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் இருபத்தாறு என்று எழுத்தால் எழுதுகிறாள். கண்ணீர் வரியை மறைக்கிறது.