பாதி வழியில் நிற்கும் மோட்டார்

கரையில், பீப்பாய்த் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்த்தபோது அந்தப் பழைய மோட்டார் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நீரிணையின் நடுவே வந்ததும், எப்போதும்போல, பெரும் பாரத்தை இழுப்பதுபோல முனகி, திணறி, நின்றுவிட்டது.

“எங்க அண்ணன் மாதிரியேதான் அண்ணி இதுவும். கரையில வாய் கிழியும், பாதி வழியில கைவிட்டுடும்,” என்றான் டோர்கில்ஸ்.

குட்வெய்க் சிரிக்கவில்லை. அக்கரையில் படகை வாங்க ஆள் காத்திருந்தார். விற்றுவிட்டால் அவள் இந்தத் தீவை விட்டே போய்விடலாம்.

டோர்கில்ஸ் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். பெட்ரோல் வடிகட்டியைத் துடைத்தான். தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலையோ பாசியோ சிக்கவில்லை. கடைசியில்தான் அவசரக் கயிற்றைக் கவனித்தான். ஸ்விட்சில் அதன் கொக்கி பாதி கழன்று நின்றது. மறுமுனை படகின் பின்பக்கம் தாண்டித் தண்ணீருக்குள் போயிருந்தது.

ஓட்டுபவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டிய கயிறு அது. ஆள் தண்ணீரில் விழுந்தால் கொக்கி கழன்று மோட்டார் அணைந்துவிடும். அவள் கணவன் ஐவின் ஒருநாளும் அதைக் கட்டியதில்லை. போன இலையுதிர் காலத்தில் இங்கேதான் விழுந்தான். படகு அவனை விட்டுவிட்டுத் தனியே போனது. உடல் கிடைக்கவில்லை.

டோர்கில்ஸ் கயிற்றை இழுத்தான். அது விறைத்து நின்றது.

“வர மாட்டேங்குது அண்ணி.”

“கட்டிக்கோ, கட்டிக்கோன்னு கல்யாணமான நாள்லேருந்து கத்தினேன்,” என்றாள் குட்வெய்க். “இப்பத்தான் ஐயாவுக்குக் காதுல விழுந்திருக்கு.”

கொக்கியை அழுத்திப் பொருத்திவிட்டு, மீன் கத்தியால் கயிற்றை அறுத்தாள். படகின் பின்பக்கம் ஒரு சாண் மேலே எழுந்தது. மோட்டார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது.