மூணு விழுந்தால்

பெண் பார்க்க வந்தவர்கள் கீழே கூடத்தில். பெண்ணோ மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு. தொண்டியில் இப்படி ஒரு கூத்தை யாரும் பார்த்ததில்லை.

"ஏ லாமியா, மானத்த வாங்காத! இண்டர்வியூ காலையிலன்னுதான சொன்ன?" படியேறி வந்த சபியாவுக்கு மூச்சு வாங்கியது.

"சாயங்காலத்துக்கு மாத்திட்டாக உம்மா. மும்பைக் கம்பெனி, கடைசி ரவுண்டு. கீழ டவர் எடுக்காது. முடிச்சிட்டு வாரேன்."

"முடிச்சு என்ன செய்யப் போற? நிக்காஹ் ஆனதும் லேப்டாப்ப மூடிரணும்னு மாப்பிள்ளை துபாயிலருந்து போன்லயே சொல்லிட்டாரு."

"அவரு சொன்னாரு. நான் சரின்னு சொன்னேனா?"

"வாப்பா வாக்குக் குடுத்தாச்சு. அவுக உன் வாயில சீனி போட்டுட்டா அதோட பேச்சு முடிஞ்சுது. சீக்கிரம் வா!"

சபியா தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

லாமியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலேஜில் கணக்கு படித்தவள். அதோடு நிற்காமல், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகப் போட்டிருந்த வீடியோக்களைப் பார்த்து நிகழ்தகவு, புள்ளியியல், பைத்தான் என்று தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவள். டேட்டா தீர்ந்தால் சிநேகிதி சத்யப்பிரியா வீட்டு வைஃபையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அத்தனையையும் மூடு என்று முகம் தெரியாத ஒருத்தன் போனில் சொல்வானாம், இவள் மூட வேண்டுமாம்!

மறுபடியும் காலடிச் சத்தம். உம்மா இல்லை. மாப்பிள்ளையைப் பெற்ற ஜெய்த்தூன் பீவி.

"பொண்ணு உடுத்துறான்னாக. இங்கன வந்து பார்த்தா கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்க?"

லாமியா எழுந்து ஸலாம் சொன்னாள். "இப்ப எனக்கு இண்டர்வியூ மாமி. முடிச்சிட்டுத்தான் கீழ வருவேன்."

"அதுவரைக்கும் நாங்க காத்துக் கெடக்கணுமாக்கும்?"

"இருந்தா சந்தோசம். இல்லாட்டி உங்க இஷ்டம்."

ஜெய்த்தூனின் புருவம் ஏறியது. "அப்படி என்ன பெரிய வேலை?"

"பங்குச் சந்தையில வெல எப்படி ஏறும், எறங்கும்னு கணக்குப் போட்டுப் புரோகிராம் எழுதுறது."

"சூதாட்டம்னு சொல்லு."

"சூதாடுறவன் கணக்குப் போட மாட்டான் மாமி. அடுத்து என்ன நடக்கும்னு தெரியாது. அப்படியும் கணக்குப் போட்டுத் துணிஞ்சு முடிவெடுக்கணும். அதுதான் இந்த வேலை."

"எங்க, அவுக என்ன கேப்பாகன்னு ஒண்ணு சொல்லு பார்ப்போம்."

நக்கலாகத்தான் கேட்டாள். லாமியா விடவில்லை.

"ஒரு பகடைய உருட்டுறீக. எத்தன விழுதோ அத்தன பரிசு. புடிக்கலேன்னா அத வேணாம்னுட்டு இன்னொரு தடவ உருட்டலாம். ஆனா ரெண்டாவது விழுறதத்தான் எடுத்துக்கணும். எத்தன விழுந்தா வச்சுக்குவீக, எத்தன விழுந்தா வேணாம்பீக?"

"நீயே சொல்லு."

"ஒரு உருட்டுக்குச் சராசரி மூணரை. நாலோ அதுக்கு மேலயோ விழுந்தா வச்சுக்கணும். மூணோ அதுக்குக் கீழயோன்னா தூக்கிப் போட்டுட்டு மறுபடி உருட்டணும்."

"மறுபடி உருட்டி ஒண்ணு விழுந்துச்சுன்னா?"

"விழுந்தா விழட்டும் மாமி. பயந்துக்கிட்டு மூணோட உக்கார்றதுதான் தப்புக் கணக்கு."

ஜெய்த்தூன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். விறுவிறுவென்று இறங்கிவிட்டாள்.

இண்டர்வியூவை முடித்துக்கொண்டு லாமியா கீழே வந்தபோது கூடத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. வைத்த பலகாரம் வைத்தபடி இருந்தது. வாப்பா ஹமீது சுல்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெய்த்தூன் எல்லார் முன்னாலும் கேட்டாள். "அந்த வேலை கெடச்சா போவியா?"

"போவேன் மாமி. கல்யாணம் ஆனாலும் போவேன்."

சபியா மகளின் தொடையில் கிள்ளினாள். லாமியா அசையவில்லை.

ஜெய்த்தூன் தட்டிலிருந்த கிண்ணத்தை இழுத்து ஒரு சிட்டிகை சீனியை எடுத்தாள். சபியாவுக்கு அப்போதுதான் உயிரே வந்தது. லாமியாவோ பல்லைக் கடித்துக்கொண்டு வாயை இறுக மூடினாள்.

எடுத்த கை பாதியில் நின்றது.

"பொண்ணு ரொம்ப உசரம். எம்மவன் பக்கத்துல நின்னா பனமரமாத் தெரிவா. எங்களுக்கு ஒத்து வராது." ஜெய்த்தூன் எழுந்துவிட்டாள்.

"உசரத்த முன்னாடியே சொன்னோமே!" சபியா பதறி எழுந்தாள். "போட்டோவப் பார்த்துட்டுத்தான வந்தீக?"

வந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலில் நின்ற காருக்குப் போனார்கள்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்றிருந்தவள்தான் லாமியா. ஆனாலும் ஏலத்துக்கு வந்த மீனைத் தள்ளிவிடுவது போலத் தள்ளிவிட்டுப் போனால் பொறுக்குமா? விடுவிடுவென்று வாசலுக்குப் போனாள். கடைசி ஆளாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள் ஜெய்த்தூன்.

"உசரமெல்லாம் சாக்கு மாமி. நெசமான காரணத்தச் சொல்லிட்டுப் போங்க."

ஜெய்த்தூன் காரைத் திரும்பிப் பார்த்தாள். எல்லாரும் ஏறியிருந்தார்கள். அதுவரை மூடியே வைத்திருந்த கையைத் திறந்தாள். வேர்வையில் பிசுபிசுத்த அந்தச் சீனியை லாமியாவின் வாயில் போட்டுவிட்டு, காதோரம் எக்கிச் சொன்னாள்:

"எம்மவன் மூணுதான் மவளே. நீ மறுபடி உருட்டு."