பன்னெண்டு வோல்ட்டுதானே

“சுடறது ஒரே இடத்துலயா, வயரு நீளம் முழுக்கவா? அதை முதல்ல சொல்லுங்கண்ணே.”

கார் எலக்ட்ரீஷியன் கேட்டாள். கையால் எடுக்க வழியில்லாததால் ஃபோன் ஸ்பீக்கரில் கிடந்தது.

மறுமுனையில் இருந்தவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். பத்து மணிக்கு அவர் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பிய கார், அண்ணன் ஆசை ஆசையாய் முன்னால் மாட்டிய ஆறு விளக்குகளின் புண்ணியத்தில், பாதி வழியில் புகைவிட்டு நின்றது. மணி ஒன்பதே கால். இன்னும் அரை மணி நேர ஓட்டம் பாக்கி.

“நீளம் முழுக்கத்தான்மா. தொட முடியல. உறையெல்லாம் இளகிப் போச்சு.”

“பேட்டரியைக் கழட்டிட்டீங்கல்ல?”

“உடனே கழட்டிட்டேன்.”

“ஒரே இடம் சுட்டா ஜாயிண்ட் லூஸு. நீளம் முழுக்கச் சுட்டா வயரே மெல்லிசு. என்ன வயரு போட்டீங்க?”

“காலிங் பெல் வயரு.”

“அண்ணே...”

“பன்னெண்டு வோல்ட்டுதானேம்மா. இருநூத்து முப்பதையே பார்த்தவன் நான்.”

“வோல்ட் குறைஞ்சா, அதே வெளிச்சத்துக்குக் கரண்ட் நெறைய இழுக்கும். வயரு தடியா இருக்கணும். ஃபியூஸாவது போட்டீங்களா?”

“அது எதுக்குன்னு விட்டுட்டேன்.”

நல்ல ஆள். ஊரார் வீட்டுக்கெல்லாம் ஃபியூஸ் மாட்டுகிற மனுஷர், சொந்தத் தம்பி காரில் கோட்டை விட்டுவிட்டார்.

“விளக்கு வேலையை நான் பார்த்துக்கறேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே.”

“இன்னைக்கும் உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னுதான்மா நானே மாட்டினேன்.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற அவளுடைய அக்கா, “ஆடாம பேசு. வெளியில எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க” என்று அதட்டினாள்.

“சரிண்ணே, அந்த வயரை முழுசா உருவிப் போடுங்க. அதோட ஒட்டிக்கிட்டிருந்த வண்டி வயருங்க எதாவது இளகியிருக்கா?”

சற்று நேரம் எதையோ உருட்டும் சத்தம் கேட்டது.

“இல்லம்மா. எல்லாம் நல்லா இருக்கு.”

“அப்ப பேட்டரியை மாட்டிக் கிளம்புங்க.”

“விளக்கு இல்லாமலா? மண்டபத்துல மானம் போயிடுமேம்மா.”

“லேட்டாப் போனாத்தான் போகும்.”

எஞ்சின் உறுமியது. பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை அடித்த விசில் இங்கே வரை கேட்டது. அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அவள் இரண்டு கையிலும் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா எட்டி ஃபோனை அணைத்தாள். “கல்யாணப் பொண்ணு பேசற பேச்சாடி இது? இன்னைக்கு ஒரு நாளாவது ஃபோனை எடுக்காம இருந்தா என்ன?”

“எடுக்காம இருந்திருந்தா,” என்றாள் அவள், கண் மை கலையாமல் சிரித்தபடி, “என் மாப்பிள்ளை நடந்துதான்கா வந்திருக்கணும்.”