ஆழாக்குப் பால்

“கொயந்தைக்குப் பால் குடுத்தீங்களா?”

தீப்பெட்டி கம்பெனியில் மெஷின் ரிப்பேர் என்று மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நாகரத்தினம் வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

நாத்தனார் கெங்கம்மா வாசல் வெயிலில் உட்கார்ந்து, மடியிலிருந்த கஸ்தூரிக்குக் கேழ்வரகுக் களி ஊட்டிக்கொண்டிருந்தாள். களிக்குள் நெத்திலி வறுவல்.

“மீனு துன்னுகினு கீறா. மீனும் பாலும் சேந்தா ஒடம்புல வெள்ளப் புள்ளி வுயும். ஒனக்குத் தெரியாதா?”

ராயபுரத்தில் அது யாருக்குத்தான் தெரியாது? ஆனால் லீவு நாளிலும் இதே பதில். பால்காரன் மாட்டை ஓட்டி வந்து கறந்துவிட்டுப் போவான். அதற்குள் குழந்தை வாயில் நெத்திலி இருக்கும்.

நாகரத்தினம் உள்ளே போனாள். பால் சொம்பு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

“அப்ப பாலு எங்க?”

கெங்கம்மா குழந்தைக்கு இன்னொரு வாய் களி ஊட்டினாள். பிறகு, “நான் குடிச்சிட்டேன்” என்றாள்.

நாகரத்தினத்துக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கஸ்தூரிக்கு மூன்று வயசு. கால் வளைந்து போய், சுவரைப் பிடித்தால்தான் நிற்பாள். எலும்பு உறுதிப்பட பால் கொடு என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதிலிருந்து ஆழாக்குப் பால் வாங்குகிறார்கள். ஹார்பரில் நிலக்கரி சுமக்கிற புருஷன் கோதண்டம்கூட, ‘எனக்கு வரக்காப்பி போதும்’ என்று சொட்டுப் பால் தொடமாட்டான். மனுஷனுக்குத்தான் பிள்ளை மேல் எத்தனை பாசம்!

“பெத்திருந்தா தெரியும் அந்த அருமை. நொண்டிக் கொயந்த பாலைக் குடிக்க எப்படி மனசு வந்துது ஒங்களுக்கு?”

சொல்லக்கூடாத வார்த்தை. சொல்லியாகிவிட்டது.

புருஷனும் பிள்ளையும் இல்லாத கெங்கம்மா களிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். குழந்தையின் வாயைத் துடைத்து இறக்கிவிட்டு, ரெண்டு புடவையை மூட்டை கட்டினாள்.

“பேசின் பிரிட்ஜ்ல சித்தி வூட்டுக்குப் போறேன். தம்பியாண்ட பாலு விசயம் ஒண்ணும் சொல்லிக்காத.”

‘ஆமாம், குட்டு உடைஞ்சா வெக்கம்தான்’ என்று நினைத்துக்கொண்டாள் நாகரத்தினம்.

படி இறங்கியவள் திரும்பிப் பார்த்தாள். “கேவுருக் கூழை நிறுத்திடாத. முருங்கக்கீரை பானைக்குப் பின்னால கீது. காலைல வெயில்ல ஒக்கார வை.”

மறுநாள் நாகரத்தினம் வேலைக்குப் போகவில்லை. காய்ச்சின பாலைத் தன் கையாலேயே புகட்டினாள். அப்பாடா என்றிருந்தது.

கொஞ்ச நேரம்தான். குழந்தை வயிறு உப்பிப்போய் வீறிட்டு அழுதது. பேதி வேறு. பால் கெட்டுவிட்டதோ என்று பால்காரனைத் திட்டித் தீர்த்தாள். அடுத்த நாள் கறந்த கையோடு காய்ச்சிக் கொடுத்தாள். அன்றும் அதே கதை.

மூன்றாம் நாள், துவண்டு கிடந்த பிள்ளைக்கு இனி என்னத்தைக் கொடுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் மீன் கூடை இறங்கியது.

“கெங்கம்மா எங்க?” மீன்காரி குப்பம்மா ஒரு பொட்டலம் நெத்திலியை வைத்துவிட்டுத் தூக்குச்சட்டியை நீட்டினாள். “ரெண்டு நாளா நான் வரல. பால ஊத்து. எம்மவளுக்குத் தாய்ப்பாலு பத்தல, கைக்கொயந்த கத்திகினு கீது.”

“இன்னா பாலு?”

“இன்னா பாலா? ஒங்கொயந்தைக்குத்தான் பாலு குடிச்சா வயிறு நோவுதே. அதான் பால எனக்கு ஊத்திட்டு நெத்திலி வாங்கிப்பா. முள்ளோட துன்னா எலும்புக்கு நல்லது, கேவுரும் கீரையும் மேல தெம்புன்னு அவதான் ஊட்டிகினு இருந்தா.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?”

“டாக்டர் குடுன்னு சொன்ன பால, புள்ள பெறாதவ வாணாம்னா நீ இன்னா நெனைப்ப? கண்ணு வெக்கறான்னுதானே?”



நெத்திலி வாசனைக்கு எழுந்த கஸ்தூரி, சுவரை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடிக் கூடைப் பக்கம் வந்தாள். ஒரு கையும் எதையும் பிடிக்கவில்லை.

நாகரத்தினம் ஓடிப்போய் வாரி அணைத்துக்கொண்டாள். கண்ணீர் பிள்ளையின் தலையில் விழுந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டே கதவைச் சாத்தினாள். பேசின் பிரிட்ஜுக்கு இப்போதே போயாகவேண்டும்.

“ஆனா, நான் குடிச்சிட்டேன்னு அவங்களே சொன்னாங்களே?”

குப்பம்மா கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சிரித்தாள்.

“அவளா? அக்கா, தம்பி ரெண்டு பேருக்குமே சின்ன வயசுலேருந்து பாலு ஒத்துக்காது, ஒரு மடக்கு உள்ள போனா வயித்தப் புடிச்சிகினு உருளுவாங்க. ஒம் புருசன் வரக்காப்பி எதுக்குக் குடிக்கிறான்னு நீ நெனைச்சிகினு இருந்த?”