கன்னிமார் பாறை

மூன்றாவது தடவையும் அவளைச் சொல்லச் சொன்னார்கள்.

ஊராட்சி அலுவலகச் சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. உள்ளே பச்சை விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருந்தது.

மலைக்கு அதிவேக இணையம் வந்துவிட்டதாம்.

பொட்டில்லாத நெற்றி படத்தில் நன்றாக விழுகிறது என்று கேமராக்காரன் அதிகாரியிடம் சொன்னான். அவள் காதில் விழும்படிதான் சொன்னான்.



சொல்ல வேண்டியது இரண்டே வரி. போன வருடம் டவர் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். இனி எங்கள் மலையில் அப்படி ஒரு சாவு நடக்காது.

முதல் வரியில் பொய் இல்லை.

சாமை அறுத்துக்கொண்டிருந்த தீர்த்தனை விரியன் கடித்தபோது உச்சி வெயில். இந்த மலையில் டவர் கிடைப்பது கன்னிமார் பாறையின் உச்சியில் மட்டும். அவனைப் பலாமர நிழலில் படுக்க வைத்துவிட்டு, போனை மடியில் செருகிக்கொண்டு ஓடினாள்.

பாறையில் செருப்போடு ஏறக்கூடாது. சாமி இடம்.

அன்றைக்கும் கழற்றினாள். வார் சிக்கியது. கழற்றியதைச் சோடியாகச் சேர்த்தும் வைத்தாள்.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு இறங்கி வந்தபோது அவன் வாயோரம் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

செருப்பைச் சோடி சேர்த்த அந்தக் கைகளை அவளுக்கு இன்றும் பார்க்கப் பிடிக்காது.

கூட்டத்தின் ஓரத்தில் மருமகள் இடுப்பைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஏழாம் மாதம். மகன் திருப்பூரில். அவளுக்கு வலி கண்டால் யாரும் பாறைக்கு ஓட வேண்டியிருக்காது. அந்த ஒன்றுக்காகத்தான் இவள் கேமராவின் முன்னால் வந்து நின்றாள்.

சொன்னாள்.

கேமராக்காரன் கேட்ட இடத்தில் குரலும் உடைந்தது.

கைதட்டினார்கள். சால்வை போர்த்தினார்கள். உள்ளங்கையில் ஒரு லட்டை வைத்து அழுத்தினார்கள். பழைய நெய்யின் வாடை விரல்களில் பிசுபிசுத்தது.

அவர்கள் பார்க்க வாயில் போட்டுக்கொண்டவள், கட்டடத்தின் பின்பக்கம் போய்த் துப்பினாள்.

துப்பிய இடத்தில் கறுப்புக் கம்பி ஒன்று சுருட்டிக் கிடந்தது. ஒரு முனை ஜன்னல் வழியாக அந்தப் பெட்டிக்குள் போயிருந்தது. மறுமுனையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள்.

அடிவாரத்துச் சாலை வரை பார்த்தாள். புதிதாக நட்ட கம்பம் ஒன்றும் இல்லை. தோண்டி மூடிய மண்ணும் இல்லை.

விளக்கு வெறும் கரண்டில் எரிந்துகொண்டிருந்தது.

மறுபடி துப்பினாள். லட்டு போனது. இரண்டாவது வரி போகவில்லை. தீர்த்தன் பேரைச் சொல்லும் அதே நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதிகாரி போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வந்தார். மூன்று மணிக்குள் இந்த வீடியோவை மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டுமாம்.

“ஏம்மா, இங்க டவர் எங்க கெடைக்கும்?”

அவள் கையை நீட்டிப் பாறையைக் காட்டினாள்.

எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார்.

“ஓடுனா முக்கா மணி நேரம்.”

அவர் கேமராக்காரனைத் தேடிக்கொண்டு போனார்.

சால்வையை உருவி, லட்டு ஒட்டிய கையை அதில் துடைத்தாள். விரல் விரலாகத் துடைத்தாள். அதைக் கம்பிச் சுருளின் மேல் போட்டுவிட்டு முன்பக்கம் வந்தாள்.

மருமகள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நிம்மதி.

அவளை நிழலுக்கு இழுத்தாள்.

“வலி கண்டா யாரு ஓடுனாலும் சரி, செருப்போடவே ஏறச் சொல்லு.”