முனியாண்டியின் முழி

ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்களில் ஆறு காணவில்லை.

"பால் வெட்டுற முனியாண்டிதான் எடுத்திருப்பான்," என்றார் கங்காணி சடையப்பன், பிள்ளைகளோடு சாப்பிட உட்கார்ந்தபடி. "நாளைக்கே அவன எஸ்டேட்ட விட்டு வெரட்டுறேன்."

"அவன் எடுத்ததப் பாத்தீங்களா?" என்று கேட்டாள் மனைவி பேச்சியம்மாள்.

"பாக்கணுமா? என்னயக் கண்டாலே திருதிருன்னு முழிக்கிறான்."

அவள் துரை வீட்டு விருந்தில் வைப்பதுபோல், கிண்ண வடிவில் குட்டிக் குட்டியாக அவித்திருந்த கொத்துக்கறியை ஆளுக்கொன்றாகத் தட்டில் வைத்தாள்.

கங்காணி ஒரு வாய் கடித்தார். ருசிதான். ஆனால் பல்லில் ஏதோ சிக்கியது. பிடித்து இழுத்தார், வெள்ளை நூலாக நீண்டது. விட்டதும் சுருண்டுகொண்டது. சந்தேகமே இல்லை, ரப்பர்.

நிமிர்ந்து பார்த்தார்.

"அவிக்கிறதுக்கு வேற சின்னக் கிண்ணம் இல்லைங்க. நல்லாத்தான் தேச்சுக் கழுவுனேன்," என்று திருதிருவென முழித்தாள் பேச்சியம்மாள்.